கைநாட்டுக்கு மேலே

மரியாதைக்குரிய ரைட்டரய்யா அவர்களுக்கு,

புலிக் கூண்டுக்காரன் சொல்லச் சொல்ல அவன் மருமகள் எழுதும் கடிதம் இது. நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் ஜூவில் நீங்கள் பதிவேடு எழுத, நான் கூண்டைப் பார்த்துக்கொள்ள, முப்பது வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம், கேட்டுவிட்டேன். மகள் வீட்டுக் குளிரில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

மருமகளுக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருக்கிறேன். என் பேச்சை நல்ல எழுத்தாக மாற்றிக்கொள், கோபத்தை மட்டும் குறைக்காதே என்று. அவள் பள்ளிக்கூட ஆபீசில் கடிதம் எழுதிப் பழகியவள். எங்கேயாவது ‘கனிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று வந்தால் அது அவள் கைப்பழக்கம், என் வார்த்தை இல்லை.

விஷயம் இதுதான். நம் புலிகளில் தாடிக்கும் வீம்புக்கும் ஜோடி சேர்க்கப் போகிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை, இப்போது புலிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் வேலையை விட்டு மூன்று வருடம் ஆகியும், ஒரு சந்தேகம் என்றால் என்னிடம்தான் வருவாள். அன்றைக்கு வாயெல்லாம் பல்லாக வந்தாள். “தாத்தா, வீம்புக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சு. வெளியூர் ஜூவுக்கு அனுப்பின தாடியைத் திரும்பக் கொண்டு வர்றாங்க. ரெண்டும் அடிச்சுக்காம இருக்க என்ன செய்யணும்னு சொல்லுங்க” என்றாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்படியே எழுந்துவிட்டேன். “அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் என்னடி ஜோடி?” என்றேன். அவள் சிரித்தாள். கிழவருக்கு வயதாகிவிட்டது, குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்துவிட்டாள். “தாடிக்குத் தங்கச்சி நூலு, தாத்தா. வீம்பு வேற தாய். ரிஜிஸ்டர்ல அப்படித்தானே இருக்கு?” என்றாள்.

ரைட்டரய்யா, நீங்கள் எழுதவே இல்லை என்பது அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

மறந்துவிட்டது என்று சொல்வீர்கள். எனக்கு மறக்கவில்லை, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். ஏழு வருடத்துக்கு முன்னால், மழைக்காலம். நாலாம் கூண்டில் ராங்கிக்காரி இரண்டு குட்டி போட்டாள். ஆண் ஒன்று, பெண் ஒன்று. ஆண்தான் தாடி, பெண்தான் வீம்பு. நாலு நாள் கழித்து ஐந்தாம் கூண்டில் மூணுவிரல் ஒரே ஒரு பெண் குட்டி போட்டாள். ஈர நூலைச் சுருட்டிப் போட்டது மாதிரி கிடந்தது, அதனால் நூலு என்று பெயர் வைத்தேன். மூணுவிரல் சுமத்ராக் காட்டிலிருந்து வந்தவள். கம்பிச் சுருக்கில் முன்னங்கால் மாட்டி, ஒரு விரல் போய், வயிற்றில் குட்டியோடு வந்தவள். அந்தக் குட்டிக்கும் இங்கே இருந்த எந்தப் புலிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நம் மிருக டாக்டர் உங்கள் மேஜை முனையில் உட்கார்ந்து சொன்னாரே, நினைவிருக்கிறதா? வெளியே பலகையில் சுமத்ராப் புலி என்று எழுதியிருக்கும் இந்த இனம் காட்டில் சில நூறுதான் மிச்சம் இருக்கிறது, கூண்டுகளில் இருப்பதெல்லாம் நாலைந்து குடும்பத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது, இந்த ஒரு குட்டிதான் புது ரத்தம் என்றார்.

அந்தப் புது ரத்தத்துக்குப் பால் உறிஞ்சத் தெம்பில்லை. குட்டி இழுத்துக் குடிக்காவிட்டால் தாய்க்கு மடி வற்றிவிடும். மூன்றாம் நாள் மத்தியானம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். குட்டிகள் மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று அப்போதைய அதிகாரி உத்தரவு போட்டிருந்தார். அவர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். கறியைக் காட்டித் தாய்கள் இரண்டையும் வெளி அடைப்புக்கு இழுத்துக் கதவை இறக்கினோம். நூலுவை ராங்கிக்காரி படுத்திருந்த வைக்கோலில் நன்றாகப் புரட்டி நாலாம் கூண்டில் வைத்தோம். ராங்கிக்காரிக்குப் பால் தானாகவே சொட்டும், சும்மா வாயை வைத்தால் போதும். வீம்பை மூணுவிரலின் வைக்கோலில் புரட்டி ஐந்தாம் கூண்டில் வைத்தோம். வீம்பு இழுக்கிற இழுப்பில் வற்றின மடியும் திரும்பும் என்று டாக்டர் சொன்னார், திரும்பியது. புலிக்குத் தன் குட்டி எது என்கிற அறிவு மூக்கில் இருக்கிறது. இரண்டு தாய்களும் உள்ளே வந்தன, மோந்து பார்த்தன, நக்கின, படுத்துவிட்டன. நானும் டாக்டரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பைத்தியங்கள் மாதிரி சிரித்தோம்.

ஒரு வாரத்தில் திரும்ப மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தோம். அதற்குள் குட்டிகள் கண் திறந்துவிட்டன. இனிமேல் மனித வாசனை பட்டால் தாயே கவ்விக் கொன்றுபோடும், வேண்டாம் என்று டாக்டர் நிறுத்திவிட்டார்.

அன்றைக்கே உங்களிடம் வந்து சொன்னேனா இல்லையா? நீங்கள் டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தீர்கள். நாலாம் கூண்டுப் பெண் குட்டி இனிமேல் ஐந்தில் வளரும், ஐந்தாம் கூண்டுக் குட்டி நாலில் வளரும், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். பிஸ்கட் முறிந்து டீக்குள் விழுந்தது. “மெதுவாப் பேசுய்யா! அதிகாரி காதுல விழுந்தா மூணு பேருக்கும் வேலை போயிடும். அவர் மாறிப் போகட்டும், எழுதிடறேன்” என்றீர்கள். ஐந்து மாதத்தில் அவர் மாறிப் போனார். மறுநாளே வந்து கேட்டேன். “எழுதியாச்சு, எழுதியாச்சு. கைநாட்டை வை” என்றீர்கள். வைத்தேன்.

இப்போது அந்தப் பக்கங்களின் நகலை வாங்கி வந்து மருமகளை வாசிக்கச் சொன்னேன். அவள் வாசித்தாள். நாலாம் கூண்டு, தாய் ஒன்று, குட்டி இரண்டு. ஐந்தாம் கூண்டு, தாய் ஒன்று, குட்டி ஒன்று. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. எண்ணிக்கை ஒரு நாள்கூடத் தப்பவில்லை. தப்புமா? ஒன்றை எடுத்து ஒன்றை வைத்தால் எண்ணிக்கை எப்படி மாறும்? கூண்டு நம்பரைப் பார்த்து எழுதினீர்கள், கூண்டுக்குள் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தீர்களா? புலி நாற்றம் தலைவலி தருகிறது என்று முப்பத்தொரு வருடமும் அந்தப் பக்கமே வராதவர் நீங்கள். குட்டிகளுக்குத் தோலுக்கு அடியில் நம்பர் வில்லை வைத்தபோதும் உங்கள் பதிவேட்டைப் பார்த்துத்தான் வைத்தார்கள். இன்றைக்கு உலகத்துக்கே அந்தப் பதிவேடுதான் சாட்சி. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே என் கட்டைவிரல் இருக்கிறது. மருமகள் விரலை வைத்துக் காட்டினாள். “இதுவும் உங்களோடது மாமா. இதுவும் உங்களோடதுதான்” என்றாள்.

ஏன் எழுதவில்லை என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு கேடயம் ஞாபகம் வந்தது. எழுதியாச்சு என்று சொன்ன அடுத்த மாதமே நீங்கள் ஓய்வு பெற்றீர்கள். மேடையில் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். முப்பத்தொரு வருடம் அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேடு என்று அதில் எழுதியிருப்பதாக ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து கை சிவக்கச் சிவக்கத் தட்டியவன் நான். ஒரே ஒரு வரியை அடித்து மேலே திருத்தியிருந்தால் அந்தக் கேடயம் உங்களுக்கு வந்திருக்காது. அவ்வளவுதானே, ரைட்டரய்யா?

புது இயக்குநரிடம் போனேன். கெட்ட மனிதர் இல்லை, சட்டை மடிப்புக் கலையாதவர். “பெரியவரே, எழுதப் படிக்கத் தெரியுமா?” என்று கேட்டார். “புலிக்கும் தெரியாதுங்க” என்றேன். ஆபீஸ் மொத்தமும் சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. “வீம்பு தொட்டியில பின்பக்கமா இறங்குது. மூணுவிரலும் அப்படித்தான் இறங்கும்னு வீடியோவே இருக்கு. தாயும் மகளுமா இல்லாம அது எப்படி வரும்?” என்றார். புலிக்கு முகத்தில் தண்ணீர் தெறித்தால் பிடிக்காது. வாலை முதலில் நனைத்து, பின்னாலேயே நகர்ந்து, கழுத்துவரை அமிழ்ந்து உட்காரும். பல புலிகள் அப்படித்தான். தனிப் பழக்கம் என்றே வைத்துக்கொண்டாலும் வளர்த்தவளிடம் கற்றதாக இருக்கக் கூடாதா? என் மருமகள் என் மனைவி மாதிரியே பாதித் தும்மலில் நிறுத்துவாள், அதற்காக என் மனைவி வயிற்றிலா பிறந்தாள் என்று கேட்டேன். (இதை எழுதும்போது மருமகள் என்னை முறைக்கிறாள்.)

ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்றேன். மயக்க ஊசி போடுவது புலிக்கு ஆபத்து, ஒருவர் வாய்வார்த்தையை நம்பி அதைச் செய்ய மேலிடம் ஒத்துக்கொள்ளாது என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். “பதிவேடு எழுதினவரே தப்புன்னு எழுத்துல கொடுத்தா, அடுத்த வாரமே ரத்தம் எடுக்கறேன்” என்றார். டாக்டர் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

அண்ணன் தங்கைக்குப் பிறந்த குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் நடந்தது. அப்போதெல்லாம் யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள், இருக்கிற இரண்டைச் சேர்த்துவிடுவார்கள். மூன்று குட்டி பிறந்தது. ஒன்றுக்கு மேல்வாய் பிளந்திருந்தது, குடித்த பாலெல்லாம் மூக்கு வழியாக வந்தது. ஒன்றுக்குப் பின்னங்கால் தரையில் ஊன்றவில்லை. மூன்றாவது நன்றாக இருந்தது, அதைத் தாயே தின்றுவிட்டது. மற்ற இரண்டையும் என் கையால் புதைத்தேன். எந்த மரத்துக்குப் பக்கத்தில் என்று இப்போதும் காட்டுவேன்.

காட்டில் இப்படி நடக்காது. பெண் குட்டி வளர்ந்தால் தாயின் எல்லைக்குப் பக்கத்திலேயே தனக்கென்று ஓர் இடம் பிடிக்கும். ஆண் குட்டி இரண்டு வயதுக்குள் கிளம்பிவிடும். ஆறு குறுக்கே வந்தாலும் நீந்திப் போகும், அதற்குத்தான் இந்த இனத்துக்கு விரலுக்கு நடுவே சவ்வு அகலமாக இருக்கிறது. அண்ணனும் தங்கையும் பிறகு ஒன்றை ஒன்று பார்ப்பது அபூர்வம். பதிவேடு இல்லாத காட்டுக்கு இந்த முறை தெரிந்திருக்கிறது. நம் ஆபீசுக்குத் தெரியவில்லை. வாசலில் இரண்டு புலிப் படத்துக்கு நடுவே சிவப்பு இதயம் வரைந்து பேனர் கட்டியிருக்கிறார்கள். பிறக்கப் போகும் குட்டிகளுக்குப் பெயர் வைக்கும் போட்டியாம். பார்த்ததும் கிழித்திருப்பேன், எட்டவில்லை.

நாலு வரி எழுதுங்கள். தாடியும் வீம்பும் ஒரு வயிறு, நூலு வேறு வயிறு. தாடிக்குச் சேர வேண்டியவள் நூலு. இவ்வளவுதான். போனில் கூப்பிட்டால் அப்பா தூங்குகிறார் என்று உங்கள் மகள் சொல்கிறாள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் தூங்குகிறீர்கள். எழுத்து என்றால் எழுந்திருப்பீர்கள் என்றுதான் எழுத வைக்கிறேன்.

உடனே பதில் போடுமாறு கனிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கூண்டுக்காரன்
(கைநாட்டு)

*

ரைட்டரய்யா அவர்களுக்கு,

கடிதம் உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று தெரியும். உங்கள் மகள் என் மருமகளுக்குப் போன் செய்தாள். “அப்பாவுக்குப் பழசு எதுவும் ஞாபகம் இல்ல. இந்த மாதிரி லெட்டர் போட்டு அவரைக் கஷ்டப்படுத்தாதீங்க. ரெண்டு நாளா சாப்பிடல” என்றாளாம். ஞாபகமே இல்லாதவருக்குக் கடிதத்தைப் படித்ததும் கஷ்டம் எங்கிருந்து வரும்? மருமகள் மரியாதை தெரிந்தவள், அதை அவளிடம் கேட்கவில்லை. நான் உங்களிடம் கேட்கிறேன்.

தாடி வந்து இறங்கிவிட்டான். பேருக்கு ஏற்ற மாதிரி கன்னத்தில் முடி அடர்ந்து, ஒரு மந்திரி மாதிரி நடக்கிறான். அவனுக்கும் வீம்புக்கும் நடுவே கம்பிவலை மட்டும்தான். நானும் போய்ப் பார்த்தேன். வீம்பு மூன்று வருடம் கழித்தும் என்னைத் தெரிந்துகொண்டாள். வலையோரம் வந்து, மூக்கால் ‘ஃபுர்’ என்று ஒரு காற்று விட்டாள். புலி உறுமுவதைக் காசு கொடுத்துக் கேட்கிறார்கள், இந்தச் சத்தத்தைப் பழகியவனுக்கு மட்டும்தான் கொடுக்கும். பிறகு திரும்பித் தாடியிடமும் அதே சத்தம் கொடுத்தாள். இயக்குநர் பூரித்துப் போனார். “பாருங்க பெரியவரே, என்ன பொருத்தம்!” என்றார். புலிக்கு முறை தெரியாதுங்க, முறை தெரிய வேண்டியது அடைத்து வைத்திருக்கிற நமக்குத்தான் என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வீம்புக்கு இந்தத் தடவை இணை சேரும் சூடு தணிந்துவிட்டது. மூன்று நாலு வாரத்தில் மறுபடி வரும். அப்போது நடுக்கதவைத் தூக்கிவிடுவார்கள்.

அது ஒரு பக்கம். இதைக் கேளுங்கள். நூலு பின்பக்கத்துச் சின்னக் கூண்டில் கிடக்கிறாள், பார்வையாளர் போகாத இடம். ராங்கிக்காரி குடும்பத்தில் ஏற்கெனவே குட்டிகள் அதிகமாம், அதனால் இவளுக்கு எந்தக் காலத்திலும் ஜோடி இல்லை என்று முடிவாகிவிட்டது. அடுத்த மாதம் பத்தாம் தேதி அறுவை செய்து கருப்பையை எடுக்கப் போகிறார்கள். அதற்கு மட்டும் மயக்க ஊசி ஆபத்து இல்லையாம், மேலிடம் ஒத்துக்கொண்டதாம். ராங்கிக்காரி குடும்பமாம்! எந்தக் குட்டிக்காக டாக்டர் வேலையையே பணயம் வைத்தாரோ, அந்தக் குட்டியை. காட்டிலிருந்து வந்த அந்த ஒரே ரத்தத்தை. கத்தியால் எடுத்த பிறகு நீங்கள் ஆயிரம் பக்கம் திருத்தி எழுதினாலும் அது திரும்ப வராது.

இயக்குநரிடம் மறுபடியும் போய், பதிவேட்டில் இருக்கும் கைநாட்டு என்னுடையது, அதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கைநாட்டை அப்படித் திரும்ப வாங்க முடியாதாம். “படிச்சுப் பார்க்காம ஏன் வைச்சீங்க?” என்று கேட்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். என் பங்குக்கு நானும் குற்றவாளிதான். படிக்கத் தெரிந்த யாரையாவது ஒரு தடவை அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லியிருக்கலாம். வாசிக்கச் சொன்னால் உங்களைச் சந்தேகப்பட்டது போல் ஆகிவிடும். உங்களை எப்படிச் சந்தேகப்படுவது? என் மகன் பிறந்த தேதியை எழுதிக் கொடுத்தது நீங்கள். என் மனைவி இறந்தபோது ஆஸ்பத்திரித் தாள்களை எல்லாம் வரிசையாக வாசித்து, எங்கே கைநாட்டு வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்று கூடவே நின்று சொன்னது நீங்கள். நீங்கள் காட்டிய இடத்தில் வைத்தே பழகிய விரல் இது.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். மனமாரச் சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன். பதிவேட்டில் நீங்கள் தப்பு செய்ததாக எழுத வேண்டாம். கூண்டுக்காரன் குட்டிகளை மாற்றினான், மாற்றியதை என்னிடம் மறைத்தான், அவன் சொன்ன எண்ணிக்கையை நம்பி நான் எழுதினேன், இப்போதுதான் ஒப்புக்கொண்டான் என்று எழுதுங்கள். உங்கள் எழுத்தில் அடித்தல் திருத்தல் இருக்காது. கேடயம் சுவரில் அப்படியே இருக்கும். என் பெயர் கெடும், கெடட்டும். பேனரிலா போடப் போகிறார்கள்?

இந்தக் கடிதத்தோடு ஒரு வெறும் தாள் வைத்திருக்கிறேன். அடியில் என் கைநாட்டு இருக்கிறது. மேலே முழுவதும் காலி. நான் ஒப்புக்கொண்டதாக என்னென்ன வர வேண்டுமோ, அதையெல்லாம் நீங்களே எழுதி, உங்கள் கையெழுத்தையும் போட்டு, இயக்குநருக்கு அனுப்பிவிடுங்கள். மகளிடம் சொன்னால் படம் பிடித்துப் போனிலேயே அனுப்புவாள், பத்தாம் தேதிக்கு முன்னால் போய்ச் சேரும்.

மருமகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “மாமா, வெத்துத் தாள்ல கைநாட்டு வைக்கிற ஆள் உலகத்துல உண்டா? அதுவும் இவருக்கா? இவ்வளவு நடந்த பிறகுமா?” என்று சத்தம் போட்டாள். ஆமாம், இவருக்குத்தான் என்றேன். கோபத்தோடுதான் மிச்சத்தை எழுதுகிறாள். கோபத்தைக் குறைக்காதே என்று நான்தானே சொன்னேன்.

நூலு நேற்று வெயிலில் மல்லாந்து படுத்திருந்தாள். வயிறு வெள்ளை வெளேர் என்று இருந்தது. அவள் பிறந்த அன்றைக்கு எழுதியது நீங்கள்தான், ஐந்தாம் கூண்டு, பெண் குட்டி ஒன்று என்று. அந்த வரி மட்டும் முழு உண்மை. அதை முத்து முத்தாக எழுதியிருப்பதாக மருமகளே சொன்னாள்.

உங்கள் மூட்டுவலி குறைய வேண்டும். சாப்பாடு இறங்க வேண்டும். அந்தத் தாளிலும் உங்கள் எழுத்து முத்து முத்தாக விழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் கூண்டுக்காரன்
(கைநாட்டு)